துணி பேடுக்கு மாறப் போறீங்களா? முதல் மாசம் இப்படி ஆரம்பிங்க

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணி, "அக்கா, பீரியட்ஸுக்கு துணி பேட் வாங்கிட்டேன், ஆனா கவர் கூட பிரிக்காம பீரோல வச்சிருக்கேன், பயமா இருக்கு"ன்னா. அவளுக்கு சொன்னத எல்லாம் இங்கயும் எழுதிடறேன், நிறைய பேர் அந்த பீரோ கட்டத்துலயே நின்னுடறாங்க.

நான் கடைப் பேடுல இருந்து இதுக்கு மாறினது அரிப்பு தாங்காம தான். மூணாவது நாள் வந்தா தொடை இடுக்கெல்லாம் சிவந்து, நடக்கவே எரியும். எங்க அம்மாகிட்ட துணிக்கு மாறப் போறேன்னு சொன்னதும் "நாங்க பட்டது போதாதாடி"ன்னாங்க. அவங்க காலத்துல பழைய வேட்டிய கிழிச்சு மடிச்சு வச்சவங்க. எங்க காய வைப்பீங்கம்மான்னு கேட்டேன், பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி, மேல ஒரு பாவாடைய போட்டு மூடிடுவோம், யாராவது பாத்துட்டா மானம் போயிடும்னு சொன்னாங்க. வெயில் படாத அரை ஈரத் துணிய திரும்பத் திரும்ப வச்சா புண்ணாகாம என்ன ஆகும்? துணி மேல தப்பே இல்ல, அத ஒளிச்சு வைக்க வச்சதுல தான் தப்பு.

முதல்ல எத்தனை வாங்கணும்? எடுத்த உடனே பத்து பன்னெண்டு வாங்காதீங்க, ரெண்டு பகல் பேடும் ஒரு நைட் பேடும் வாங்கி பாருங்க, ஒத்து வந்தா மெதுவா சேத்துக்கலாம். ஆரோவில்ல 2010ல ஆரம்பிச்ச எக்கோ ஃபெம் மாதிரி நம்ம பக்கத்துலயே தைக்கறவங்க இருக்காங்க. தோல்ல படற பக்கம் காட்டன் தானான்னு கண்டிப்பா பாருங்க.

வாங்கின உடனே போட்டுக்காதீங்க. புது பேட் மேல ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்தி பாருங்க, தாமரை இலை மேல ஓடற மாதிரி உருண்டு ஓடும், உள்ள போகாது. ரெண்டு மூணு தடவ துவைச்சு காய வச்சுட்டு அதே ஸ்பூன் தண்ணிய ஊத்துங்க, சட்டுனு குடிச்சிடும். அப்ப தான் பேட் ரெடி.

முதல் தடவ, ரத்தப்போக்கு கம்மியாகற நாள்ல, வீட்ல இருக்கும்போது போடுங்க. துணி டிசைன் இருக்கற பக்கமா, வழவழன்னு இருக்கற பக்கமா எது உடம்புல படணும்னு ஒவ்வொரு கம்பெனிலயும் மாறும், அட்டைல பாத்துக்கோங்க. ரெண்டு விங்ஸையும் ஜட்டிக்கு அடில மடிச்சு பட்டன் போட்டா போதும். கடைப் பேடுல ஜெல் இருக்கறதால ஈரம் தெரியாது, இதுல லேசா தெரியும், அது லீக் இல்ல, பதறாதீங்க. நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துங்க, போக்கு ஜாஸ்தின்னா முன்னாடியே. மொத்த பீரியட்ஸுக்கும் சேத்தே ஏறக்குறைய 30ல இருந்து 80 மில்லி தான் போகும், சின்ன காபி டம்ளர்ல பாதி. மணிக்கு ஒரு பேட் நனையுதுன்னா அது பேட் பிரச்சனை இல்ல, டாக்டர பாருங்க.

இப்ப துவைக்கறது. எல்லாரும் பயப்படறது இதுக்கு தான், ஆனா அஞ்சு நிமிஷ வேலை. கழட்டின உடனே பச்சத் தண்ணில அலசுங்க. வெந்நீர் வேணவே வேணாம், சூடு பட்டா ரத்தத்துல இருக்கற புரதம் வெந்த முட்டை மாதிரி இறுகி நூல்லயே ஒட்டிக்கும், அப்புறம் கறை போகாது. ஒரு மக்குத் தண்ணில அரை மணி நேரம் ஊற வைங்க (ராத்திரி முழுக்க விட்டா நாறும்), அந்த தண்ணிய கொட்டிட்டு சாதா துணி சோப்பு போட்டு கசக்கி, நுரை சுத்தமா போற வரைக்கும் அலசுங்க. சோப்பு தங்கினாலும் அரிக்கும். துணி மெத்துனு இருக்க போடற கண்டிஷனர் போடாதீங்க, அப்புறம் பேட் ஈரத்த இழுக்காது. ப்ளீச்சும் வேணாம். லேசா கறை நின்னா நிக்கட்டும், அது அழுக்கு இல்ல.

அடுத்தது தான் முக்கியம், வெயில். மொட்டை மாடி கொடில, கிளிப் போட்டு, நேர் வெயில்ல. முதல் மாசம் நானும் மேல ஒரு துண்ட விரிச்சு மறைச்சு தான் போட்டேன், பக்கத்து மாடில ஆள் இருந்தாங்க. வத்தல் எடுக்க மேல வந்த அம்மா ஒண்ணும் பேசல. துண்ட உருவி தோள்ல போட்டுட்டு, ஒவ்வொரு பேடா திருப்பி வெயில் பக்கம் மாட்டிட்டு இறங்கிப் போயிட்டாங்க. அன்னைல இருந்து நான் மறைக்கறதில்ல.

ஐப்பசி கார்த்திகை மழைல ஃபேனுக்கு அடில போடுங்க, முழுசா காய ரெண்டு நாள் கூட ஆகும், அதனால அந்த மாசங்களுக்கு ரெண்டு பேட் எக்ஸ்ட்ரா வேணும். அவசரத்துக்கு அயர்ன் பண்ணிடாதீங்க, அடில இருக்கற லீக் ஆகாத லேயர் சூட்டுல கெட்டுடும். தொட்டா சில்லுனு இருந்தா இன்னும் காயலன்னு அர்த்தம், மடிச்சு வைக்காதீங்க.

வெளிய போறப்ப ஜிப் வச்ச சின்ன பை ஒண்ணு போதும், யூஸ் பண்ணத உள்பக்கமா சுருட்டி பட்டன் போட்டு அதுல வச்சுட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா தண்ணில போட்டுடுங்க.