தாத்தாவின் மடக்குக்கத்தியைப் பளபளப்பாக்காதீர்கள்

தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் பெட்டியிலோ ஹட்டன் பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலோ பழைய மடக்குக்கத்தி ஒன்று கிடைத்தால், உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். அலகில் படிந்திருக்கும் சாம்பல் கருமை அழுக்கல்ல. பாக்கு நறுக்கி, பழம் அரிந்து வருடக்கணக்கில் ஏறிய நிறம். துருவை ஓரளவு தடுப்பதும் அதுதான். செந்நிறமாக உதிர்வதுதான் துரு. அதை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாகத் தேய்த்தால் போதும்.

தேங்காயெண்ணெய் வேண்டாம். நுவரெலியா குளிரில் உறைந்து மடிப்பில் அடைத்துக்கொள்ளும், பிறகு பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நாலைந்து தடவை திறந்து மூடுங்கள். தோல் உறையிலும் வைக்காதீர்கள். நம் மலை ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம், அலகின் அடியில், மடியும் இடத்துக்கு அருகே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் (நான்கு கைகளும் நுனியில் அகன்ற சிலுவை) சேர்ந்து தெரிந்தால், அது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கத்தி நிறுவனமான ஜோசப் ரொட்ஜர்ஸின் முத்திரை. முத்திரையே இல்லாமல், தீட்டித் தீட்டிப் பாதியாகிப்போன கத்தி என்றால் எனக்கு இன்னும் பிரியம். யார் வைத்திருந்தது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு துண்டில் எழுதி அதோடேயே வைத்துவிடுங்கள்.