வாய்ப்புண்ணுக்கு ஜாதிமல்லி இலை: கொப்பளிக்கும் கஷாயம் செய்வது எப்படி?

ஜாதிமல்லி, ஆலிவ் மரம் சேர்ந்த தாவரக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பச் செடி வேண்டுமென்றால் வேலூரில் எங்கேயும் தேடி அலைய வேண்டாம். மல்லிகை, முல்லை, ஜாதிமல்லி, பவளமல்லி எல்லாமே அந்தக் குடும்பம்தான். பவளமல்லி இலைக் கஷாயம் காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் பேர்போனது. ஆனால் உள்ளே குடிக்கிற மருந்தைச் சித்த மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். புதியவர்களுக்கு, வாய்ப்புண்ணுக்கு ஜாதிமல்லி இலைக் கஷாயத்தைக் கொப்பளிப்பதே போதும்.

முதலில் செடியைச் சரியாகப் பாருங்கள், பாதி வேலை இதுதான். ஜாதிமல்லியில் ஒரே காம்பில் ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும், நுனியில் ஒன்று தனியாக நிற்கும். மல்லிகைக்குத் தனி இலை. ஜாதிமல்லிப் பூவைப் பிரித்தால் உள்ளே இரண்டே மகரந்தத்தாள்கள். இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா? அது நந்தியாவட்டையோ அரளியோ, தொடாதீர்கள். அரளி விஷம்.

அடுத்து, இலையை வீட்டுக் கொடியில் பறியுங்கள். பூந்தோட்டத்து இலை வேண்டாம், அங்கே பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

ஒரு கைப்பிடி இலையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் போதும். வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியதும் சாப்பிட்ட பிறகு கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. கசப்பும் துவர்ப்புமாகத்தான் இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு மிச்சம் வைத்தால் கெட்டுவிடும், அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

இதெல்லாம் பாட்டி வைத்தியம்தானே என்பவர்களுக்கு ஒரு தகவல். தாய்ப்பாலை நிறுத்த மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கத்தை வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்களே சோதித்து 1988-ல் வெளியிட்டார்கள். பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை மாத்திரைதான் அதிகம் குறைத்தது. பால் சுரப்பையும் மார்பு வீக்கத்தையும் கட்டுப்படுத்துவதில் பூவும் சளைக்கவில்லை. ஜாதிமல்லிக் கஷாயத்துக்கு இந்த ஆய்வு சாட்சியில்லை, அது வேறு கணக்கு.

சரி, எப்போது நிறுத்துவது? எரிச்சல் கூடினால் உடனே. இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.