தாத்தாவின் பழைய பிக்கப்: சாவியைத் திருப்பும் முன்

தாத்தாவின் டாடா 206 ஆறு வருடம் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தியபடி கிடந்தது. வண்டி எங்கள் கைக்கு வந்த அன்றே புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்றார் சித்தப்பா. பழைய வண்டியை எடுக்கும் எல்லோரும் முதலில் செய்வது இதுதான். வண்டி பாழாவதும் பெரும்பாலும் இதில்தான்.

206 வந்தது 1988இல். அதன் 1948 சிசி டீசல் இன்ஜினில் பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைக்க டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். வண்டி ஓடாமல் நின்றாலும் பெல்ட் காய்ந்து வெடிப்பு விடும். ஸ்டார்ட் ஆன வேகத்தில் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதனால் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இறுகினால் நிறுத்திவிடுங்கள், பலம் போடாதீர்கள். தாராளமாகச் சுற்றினால் புது பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்றிய பிறகே பேட்டரிப் பக்கம் போகலாம்.

எங்கள் டீசல் டேங்க்கின் அடி போல்ட்டைத் திறந்ததும் முதலில் வந்தது தண்ணீர். அதன் பின்னால் டீத்தூள் சக்கை மாதிரிக் கறுப்பாக, தொட்டால் வழவழவென்று ஒரு கசடு. அடியில் தங்கும் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து உண்டாகும் கசடு அது. அன்று சாவியைத் திருப்பியிருந்தால் அது ஃபில்டரை அடைத்து, பம்பு, டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசில் வரைக்கும் போயிருக்கும். டேங்க்கை இறக்கிக் கழுவாமல் புது டீசல் ஊற்றாதீர்கள்.

மிதித்தால் பிடிக்கிறதே என்று பிரேக்கை விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை முழுதாகப் பிரித்துப் பாருங்கள். டயரில் பட்டன் இருக்கிறது என்பதும் போதாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 3512 என்றால் 2012ஆம் வருடத்து 35ஆவது வாரத்தில் செய்த டயர்.

டிங்கரிங்கில் துருவை வெட்டி எடுக்காமல் மேலே தகடு வைத்துப் பட்டி பூசினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், பட்டி கனமாக உள்ள இடத்தில் ஒட்டாது. சேசிஸ் நம்பர் உள்ள இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. நம்பர் அழிந்தால் ஆர்டிஓ ஆபீசில் வண்டி உங்களுடையது என்று நிரூபிக்கவே பாடுபடுவீர்கள்.

பேப்பர் வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். உரிமையாளர் இறந்து 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பேர் மாற்றும் விண்ணப்பமான படிவம் 31 கொடுக்க வேண்டும் என்பது விதி. பேரன் பேருக்கு மாற்றுவதென்றால் பாட்டி, அப்பா, அத்தை, சித்தப்பா என்று வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோருடைய சம்மதமும் தேவைப்படும். பெயிண்டுக்கு இரண்டு லட்சம் கொட்டிய பிறகு அத்தை கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வீர்கள்? ஆர்.சி.யில் உள்ள நிறத்தை மாற்றினாலும் அதில் பதிய வேண்டும்.

கழற்றிய எந்தச் சாமானையும், புதுசு பொருந்தும்வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள். டாடாவின் பழைய சியரா, சுமோ இரண்டும் 206இன் வழியில் வந்தவை என்பதால் பல பாகங்கள் ஒத்துப்போகும். பழையதைக் கையில் கொண்டுபோனால்தான் சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அளவு பார்த்து வாங்க முடியும்.

எங்களுக்கு ஒன்று மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பின்கதவில் தாத்தா பேரையும் ஊர்ப்பேரையும் ஓர் ஆர்ட்டிஸ்ட் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தார். பட்டறையில் ஒரே காலையில் எமரித்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். நாங்கள் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முந்தின நாளே எழுத்துகளின் மேல் டிரேசிங் பேப்பர் ஒட்டி, பென்சிலால் ஓரம் பிடித்து எடுத்துவிடுங்கள்.