எஃப்பிஜிஏவில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்: முதலில் அந்த மூன்று ரெசிஸ்டரைக் கழற்றுங்கள்

ஊசி குத்தாமல் நாடித்துடிப்பும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவும் பார்க்கிற சின்னக் கருவி இது. எஃப்பிஜிஏ என்பது உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப். அதற்கு எழுதும் மொழியான வெரிலாக்கில் எல்இடி மினுக்கத் தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

போர்டு டாங் நானோ 9கே. இதற்குப் போய் பெரிய போர்டு வாங்குவது காசுக்குக் கேடு. வெரிலாக்கைச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றும் டூலுக்கு யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்றால் லைசென்ஸ் ஃபைலைத் தேடி அலைய வேண்டாம். சென்சார் மேக்ஸ்30102, விரலில் சிவப்பு, அகச்சிவப்பு வெளிச்சம் பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கும்; ஆன்லைனில்தான் வாங்கினேன். ரெசிஸ்டர், ஒயர் எல்லாம் மதுரை டவுன் ஹால் ரோட்டிலேயே எடுத்துவிடலாம்.

படி 1: சென்சாரிலிருந்து போர்டுக்கு பவர், கிரவுண்ட், எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்). நாலு ஒயர், அவ்வளவுதான்.

படி 2: இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். எஸ்டிஏ, எஸ்சிஎல் ஒயர்களில் பேசும் முறைதான் ஐ2சி; அதில் சென்சாரின் முகவரி ஹெக்ஸ் (16 அடிமான எண்) 57. கூப்பிட்டால் ஒரு நேரம் பதில் வரும், மறுநேரம் வராது. உடனே வெரிலாக்கைத் திருத்த உட்காராதீர்கள். மல்டிமீட்டரை எஸ்டிஏ ஒயரில் வையுங்கள். 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.8 காட்டினால் குற்றவாளி மாட்யூல்தான் (சென்சார் சிப் ஒட்டிய சின்னப் போர்டு). மலிவு மாட்யூல்கள் பலவற்றில் ஒயரை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டரை 1.8 வோல்ட்டில் கட்டிவிடுகிறார்கள். எஃப்பிஜிஏவின் 3.3 வோல்ட் பின்னுக்கோ 2 வோல்ட் தாண்டினால்தான் அது 'ஒன்று' என்பது உறுதி. மாட்யூலில் '472' என்று போட்ட மூன்று ரெசிஸ்டர் வரிசையாக இருக்கும். சால்டரிங் அயர்னால் அவற்றை எடுத்துவிட்டு, எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டிலிருந்தும் 3.3 வோல்ட்டுக்கு ஆளுக்கொரு 4.7கே போடுங்கள். சிப் அதைத் தாங்கும். இப்போது ஹெக்ஸ் எஃப்எஃப் ரெஜிஸ்டரைப் (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) படித்தால் சிப்பின் அடையாள எண்ணான ஹெக்ஸ் 15 வரும். வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

படி 3: ரெஜிஸ்டர் 09-இல் 03, 0ஏ-இல் 27 எழுதுங்கள் (எல்லாம் ஹெக்ஸ்). நொடிக்கு 100 சாம்பிள், 18 பிட். எல்இடி கரன்ட்டுக்கு 0சி, 0டி இரண்டிலும் 24. சுமார் 7 மில்லிஆம்ப்.

படி 4: துடிப்பு என்பது மொத்த வெளிச்சத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். நிலையான பகுதியைக் கழிக்க ஃபில்டர் ஐபி (ரெடிமேட் சர்க்யூட்) எதுவும் தேவையில்லை. சராசரிக்கும் புது சாம்பிளுக்கும் உள்ள வித்தியாசத்தை 6 பிட் வலப்பக்கம் தள்ளிச் சராசரியோடு கூட்டிக்கொண்டே போனால் போதும். சராசரி ரெஜிஸ்டருக்கு மட்டும் 6 பிட் கூடுதலாகக் கொடுங்கள்.

படி 5: சிவப்பில் துடிப்பை நிலையான பகுதியால் வகுத்த விகிதத்தை, அகச்சிவப்பின் அதே விகிதத்தால் வகுங்கள். 110-இலிருந்து அந்த விடையின் 25 மடங்கைக் கழித்தால் தோராயமான ஆக்சிஜன் சதவீதம். வகுத்தலை ஹார்டுவேரில் செய்து மல்லுக்கட்ட வேண்டாம்; யுஆர்டி (சீரியல் இணைப்பு) வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பி பைத்தானில் பாருங்கள்.

விரலை அழுத்தினால் துடிப்பே காணாமல் போகும். மேலே ஒரு கறுப்புத் துணி போடுங்கள், நம்மூர் வெயிலுக்கு அது கட்டாயம்.

பின்சேர்க்கை: "ஹீமோகுளோபின் தெரியுமா?" என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். தெரியாது. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் சுமக்கிறது என்பதுதான் இது. ரத்தசோகை உள்ளவருக்கும் 98 காட்டும். ஹீமோகுளோபின் அளவு தெரிய லேபில் ரத்தம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: நல்லா இருக்கிற ஆளுக்கு 60 என்று வந்தால் பதறாதீர்கள். சில மாட்யூல்களில் சிவப்பும் அகச்சிவப்பும் இடம் மாறி வருகின்றன. இரண்டு சேனலையும் மாற்றிப் போட்டால் 97 பக்கம் வந்துவிடும்.