மீசை முறுக்காத வில்லன்: எழுதுவது எப்படி

என் நாவலின் முதல் பிரதியை வீட்டில்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். நாற்பது பக்கம் போனதும் மனைவி கேட்டாள்: "ஏங்க, இந்த ஆளு எப்பப் பார்த்தாலும் எதுக்குச் சிரிச்சிக்கிட்டே இருக்கான்?"

அவன்தான் என் வில்லன். 1791இல் கிருஷ்ணகிரிக் கோட்டையில் திப்புவின் காவல்படையில் சோறு தின்றுகொண்டே கும்பினிக்காரனுக்கு ஓலை அனுப்புகிறவன். அந்த வருஷம் நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் கும்பினிப் படை கோட்டைமேல் ஏறப் பார்த்துத் தோற்றுத் திரும்பியதே, அந்த ராத்திரியை வைத்துக் கட்டிய கதை. வில்லன் ஆயிற்றே என்று முறுக்கு மீசை, கன்னத்தில் வடு, இடிச்சிரிப்பு எல்லாம் கொடுத்திருந்தேன். இப்படி ஒருத்தனை எந்தக் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவன், வேலைக்கு வைத்துக்கொள்வான்? நெற்றியில் துரோகி என்று எழுதி ஒட்டிய மாதிரி.

நான் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். சீசன் இல்லாத மாதங்களில்தான் என் எழுத்து. அப்படி ஓர் ஐப்பசி மழையில் ரஷ்ய எழுத்தாளர் புஷ்கினின் 'கேப்டனின் மகள்' படித்தேன். 1836இல் வந்த சின்ன நாவல். அதில் வரும் வில்லன் ஷ்வாப்ரினைச் சைக்கிள் மாதிரி கழற்றிப்போட்டுப் பார்த்துவிட்டு, என் ஆளை மறுபடி பூட்டினேன். சரித்திரக் கதையில் மானங்கெட்ட ஒருத்தனை எழுத உட்காருகிறவர்களுக்கு அந்தக் கழற்றின வேலையைச் சொல்கிறேன்.

கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1773இல் ரஷ்யாவில் புகச்சோவ் என்ற கொசாக் (எல்லைப்புறக் குதிரைவீரர் கூட்டத்தைச் சேர்ந்தவன்), செத்துப்போன ஜார் மன்னன் மூன்றாம் பீட்டர் நான்தான் என்று கிளம்பி, ராணி இரண்டாம் கேத்தரினுக்கு எதிராகப் பெரும் கலகம் நடத்தினான். ஓரன்பர்க் பக்கம் ஒரு கோட்டை. கோட்டை என்று பேர்தான், சுற்றி மரக்கட்டை வேலி. அங்கே வேலைக்கு வருகிற பையன் க்ரினேவ். கேப்டனின் மகள் மாஷாவின்மேல் அவனுக்குக் காதல். அதே கோட்டையில் இன்னொரு அதிகாரி ஷ்வாப்ரின்.

முதல் வேலை, உங்கள் வில்லனை அந்த ஊரிலேயே நல்ல பேச்சுத்துணையாக ஆக்குங்கள். ஷ்வாப்ரின் க்ரினேவைத் தானே தேடி வருகிறான். வலது எது இடது எது என்று தெரியாத சிப்பாய்கள் நடுவில் நன்றாகப் பேசத் தெரிந்த மனிதன் அவன். பிரெஞ்சுப் புத்தகங்கள் வைத்திருக்கிறான். வாள்சண்டையில் ஒருத்தனைக் கொன்றதற்காக இங்கே தள்ளப்பட்டவன் என்று கேப்டனின் மனைவி போகிற போக்கில் சொல்கிறாள். அதைக் கேட்டும் நமக்கு அவன்மேல் வெறுப்பு வருவதில்லை. பொழுது போகாத இடத்தில் அவனோடு உட்காரத்தான் தோன்றுகிறது. நான் வடுவைத் துடைத்துவிட்டு, என் ஆளுக்குப் பாரசீகம் படிக்கத் தெரியும் என்று மாற்றினேன். கதாநாயகனுக்கு வருகிற கடிதங்களை அவன்தான் படித்துச் சொல்கிறான். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் கதை தானாக நகர்ந்துவிட்டது.

இரண்டாவது, துரோகத்தைப் பெரியதில் தொடங்காதீர்கள். க்ரினேவ் மாஷாவை முதல்முறை பார்க்கிறான்: பதினெட்டு வயசு, உருண்டை முகம், காதுக்குப் பின்னால் படிய வாரிய தலைமுடி. அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்றால், அவள் சுத்த அசடு என்று ஷ்வாப்ரின் முன்னமே சொல்லிவைத்திருக்கிறான். கத்தி கிடையாது, விஷம் கிடையாது, ஒரு வார்த்தைதான். ஒரு பெண்ணைப் பார்க்கிற கண்ணையே கெடுத்துவிட்டான். அவளைப் பெண் கேட்டு, மாட்டேன் என்ற பதிலை வாங்கினவன் அவன் என்பது நமக்குப் பல பக்கம் தள்ளித்தான் தெரியவருகிறது. காரணத்தைப் பின்னால் சொல்லுங்கள். முன்னால் சொன்னால் வாசகன் அவனை மன்னித்துவிடுவான், இல்லாவிட்டால் அப்போதே ஒதுக்கிவிடுவான்.

அப்புறம் க்ரினேவுக்கும் ஷ்வாப்ரினுக்கும் வாள்சண்டை. பின்னால் இருந்து வேலைக்காரக் கிழவர் சாவேலிச் கூப்பிட, க்ரினேவ் திரும்பிப் பார்க்கிறான். அந்த நொடியில் நெஞ்சில் குத்து விழுகிறது. இதை நான் விவரிக்கப் போவதில்லை, யாருக்கும் தோன்றக்கூடிய காட்சிதான். அதற்கு அப்புறம் வருகிற கடிதம்தான் எனக்கு முக்கியம்.

சண்டை போட்டதும் காயப்பட்டதும் ஊரில் இருக்கிற அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. மாஷாவைக் கட்டிக்கொள்ள க்ரினேவ் அனுமதி கேட்டு எழுதியதற்கு, சம்மதம் இல்லை என்று பதில் வருகிறது. சண்டைச் சேதியை அப்பாவுக்கு யார் எழுதியது? க்ரினேவின் சந்தேகம் முதலில் சாவேலிச்மேல் விழுகிறது. பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து பார்த்துக்கொண்ட கிழவர், கண்ணீரோடு மறுக்கிறார். ஷ்வாப்ரினாகத்தான் இருக்கும் என்ற இடத்துக்குக் கதை மெதுவாக வருகிறது. கையும் களவுமாகப் பிடிக்கிற காட்சியே கிடையாது.

இது எனக்குச் சுட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை செய்த மண்டியில் முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. தோத்தாபுரி லோடுகளில் நான் எடை குறைத்து எழுதுவதாக அரைப்பக்கம். கீழே 'இப்படிக்கு, உங்கள் நலம் விரும்பி'. நிலப்பங்கு விஷயத்தில் மச்சானோடு எனக்கு மனஸ்தாபம் இருந்த நேரம். அவர்தான் என்று முடிவு கட்டி ஒரு வருஷம் பேசவில்லை. அவர் பெண்ணுக்குக் காது குத்தினபோதும் போகவில்லை. பிறகு ஒரு நாள் பழைய சீட்டுக் கட்டைப் புரட்டும்போது கண்ணில் பட்டது: 'யெடை'. கடுதாசியிலும் அப்படித்தான் 'யெடை' என்று இருந்தது. என் பக்கத்து மேஜைக்காரர் எழுதின சீட்டு. தினமும் அவருடைய டீயில் பாதியை எனக்கு ஊற்றித் தருவார்.

ஆகவே வில்லன் கடிதம் எழுதுகிற காட்சியை எழுதாதீர்கள். சந்தேகம் முதலில் நல்லவன் ஒருவன்மேல் விழட்டும், கதாநாயகன் அவனைப் புண்படுத்தட்டும். எனக்கு எதிரி செய்த கெடுதல் சம்பளத்தோடு போயிற்று. மச்சானிடம் நானே செய்தது இன்னும் இருக்கிறது.

அடுத்தது, வில்லனுக்குப் பக்கத்தில் அவனைவிடப் பெரிய எதிரி ஒருவனை நிறுத்துவது. எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். பதினெட்டாம் நாள் படுகளத்தில் துரியோதனன் மண் உருவமாக, ஊர் அகலத்துக்குக் கிடக்கிறான். கெட்டவன்தான், ஆனால் கர்ணனுக்குக் கொடுத்த கையை விடாதவன். அவனுக்காக அழுகிற கிழவிகளை நானே பார்த்திருக்கிறேன். புஷ்கினிடம் அந்த இடம் புகச்சோவுக்கு. பனிப்புயலில் வழிகாட்டியதற்காக க்ரினேவ் கொடுத்த ஒரு முயல்தோல் மேலங்கியை மறக்காமல், தூக்குக்கயிற்றில் இருந்து அவனை விடுவிக்கிறான். உனக்கு எதிராகச் சண்டை போடமாட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது என்று பையன் முகத்துக்கு நேரே சொல்லியும் போக விடுகிறான். அதே புகச்சோவிடம் ஷ்வாப்ரின் தலைமுடியைக் கொசாக் மாதிரி வெட்டிக்கொண்டு போய் நின்று, காதில் ஏதோ கிசுகிசுத்துத்தான் அந்தக் கயிறே வந்தது. கலகக்காரன் எதிரியாக நேருக்கு நேர் நிற்கிறான். ராணிக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுக் கட்சி மாறியவன் ஷ்வாப்ரின். மானம் எங்கே உடைகிறது என்பதை வாசகனுக்கு விளக்க வேண்டியதே இல்லை, இருவரையும் ஒரே திண்ணையில் நிறுத்தினால் போதும்.

நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் இன்னொன்று. கோட்டை ஷ்வாப்ரின் கைக்கு வந்ததும் மாஷாவைப் பூட்டிவைக்கிறான். புகச்சோவ் கதவை உதைத்துத் திறக்கும்போது அவள் கிழிந்த உடையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒரு தண்ணீர்க் குடுவை, அதன்மேல் மூடியாக ஒரு துண்டு ரொட்டி. இவளைக் காப்பாற்றத்தான் பாதிரியார் மனைவி, தன் உறவுப்பெண் என்று பொய் சொல்லியிருந்தாள். க்ரினேவும் வாயைத் திறக்கவில்லை. ஷ்வாப்ரின் அப்போது உண்மையைச் சொல்கிறான்: இவள் நீங்கள் தூக்கில் போட்ட கேப்டனின் மகள். பொய் சொன்னவர்கள் நல்லவர்கள், உண்மை சொன்னவன் அயோக்கியன். உங்கள் வில்லனுக்கும் ஓர் உண்மையை மிச்சம் வைத்துக் கொடுங்கள். அதை அவன் எப்போது வெளியே எடுக்கிறான் என்பதில்தான் அவன் யார் என்று தெரியும்.

ஆளை எங்கே பிடிப்பது என்று கேட்பீர்கள். புஷ்கின் 1833இல் ஓரன்பர்க் வரை போய் வந்தார், கலகத்தைப் பற்றிச் சரித்திரமே எழுதி 1834இல் வெளியிட்டார். புகச்சோவோடு சேர்ந்துகொண்ட ஷ்வான்விச் என்ற பிரபுக்குல அதிகாரி அந்த ஆவணங்களில் கிடைத்தான். ஆரம்பத் திட்டத்தில் அவனைப் போன்றவன்தான் கதாநாயகன். எழுத எழுத அந்த ஒருவன் இரண்டாகி, நேர்மை க்ரினேவிடமும் கட்சி மாறியது ஷ்வாப்ரினிடமும் போயிற்று. நானும் என் கதாநாயகனைப் பாதியாக அறுத்துப் பார்த்தேன். அவனுக்குள் இருந்த பொறாமை மொத்தத்தையும் எடுத்து மற்றவனுக்குக் கொடுத்தேன். கதாநாயகன் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டான், அது வேறு கதை.

கடைசிக் காட்சி. ஷ்வாப்ரின் சங்கிலியில், விசாரணையில். கொஞ்ச நாள் முன்புவரை கரிய முடி, இப்போது முழுக்க நரை. க்ரினேவைப் புகச்சோவின் ஆள் என்று பொய்சாட்சி சொல்கிறான். ஆனால் மாஷாவின் பேரை மட்டும் எடுக்கவில்லை. தன்னை வேண்டாம் என்றவளை நினைத்தாலே அகங்காரம் வலித்ததாலா, இல்லை அவன் மனசிலும் அவள்மேல் அந்தக் காதலின் பொறி இருந்ததாலா என்று க்ரினேவுக்கே தெரியவில்லை. புஷ்கின் அதைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார்.

என் ஆளுக்கும் அப்படி ஒரு பேர் வேண்டும், சொல்லாமல் விடுவதற்கு. நாலு பேரை எழுதி அடித்துவிட்டேன், எதுவும் ஒட்டவில்லை. மே மாசம் வந்தால் லோடு வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றுவிடும், அதற்குள் பிடித்தாக வேண்டும்.