வண்டியைத் தூக்கியாச்சு, கண்ட்ரோல் ஆர்ம் மட்டும் பழசு: எங்கெல்லாம் தப்பு நடக்கிறது?

வண்டியை உயர்த்த விற்கும் லிஃப்ட் கிட் பெட்டியைப் பிரித்தால் ஸ்பிரிங் இருக்கும், ஷாக் (ஷாக் அப்சார்பர்) இருக்கும், இடைவெளியைக் கூட்டும் சில ஸ்பேசர் இருக்கும். விலை குறைந்த கிட்டில் கண்ட்ரோல் ஆர்ம், அதாவது ஆக்ஸிலையோ சக்கரத்தையோ சேஸிஸோடு இணைக்கும் கை, பெரும்பாலும் இருக்காது. கம்பெனி ஆர்ம் உறுதியாகத்தானே இருக்கிறது, அதுவே போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆர்ம் உறுதியானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் நீளமும் கோணமும் கம்பெனி வைத்த உயரத்துக்காகக் கணக்குப் போட்டவை. உயரம் மாறினால் நீளம் அப்படியே இருக்கும், கோணம் மாறிவிடும். தொல்லை அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஒரு கணக்கு பார்ப்போம். 500 மி.மீ. நீள ஆர்ம் தரைக்கு இணையாக இருக்கிறது. வண்டியை 75 மி.மீ. தூக்கினால் ஆக்ஸில் முன்னோ பின்னோ சுமார் 6 மி.மீ. நகரும். அதே ஆர்ம் தூக்குவதற்கு முன்பே 10 டிகிரி சரிந்திருந்தால் நகர்வு ஏறக்குறைய 19 மி.மீ. லிஃப்ட் ஒன்றுதான், விளைவு மூன்று மடங்கு. எத்தனை அங்குலம் என்று கேட்பதோடு நில்லாமல், ஆர்ம் இப்போது எந்தச் சரிவில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஜிம்னி, ஜீப் ரேங்லர் போல முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டு ஆக்ஸில் உள்ள வண்டிகளில் முன் ஆர்ம்கள் ஆக்ஸிலிலிருந்து பின்னோக்கி சேஸிஸுக்குப் போகும். பின் ஆர்ம்கள் முன்னோக்கிப் போகும். தூக்கும்போது முன் ஆக்ஸில் பின்னுக்கும் பின் ஆக்ஸில் முன்னுக்கும் இழுபடும். பெரிய டயர் போட்டவர்களுக்கு முன் சக்கரம் ஃபெண்டரின் பின் ஓரத்தில் உரசுவது பெரும்பாலும் இதனால்தான். ஃபெண்டரை வெட்டக் கிளம்பும் முன் வீல்பேஸை (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

மேடு பள்ளத்தில் அடிக்கிறது என்று ஷாக்கை மாற்றுவது

இந்தத் தவறில் வீணாகும் காசு அதிகம். முன் ஆர்ம் மிக அதிகமாகச் சரிந்துவிட்டால், மேட்டில் ஏறும் சக்கரம் மேலே போவதோடு முன்னாலும் போகும். அதாவது எந்த மேடு இடிக்கிறதோ அதையே போய் முட்டும். புது ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே அடுத்த செட் ஷாக் வாங்குவார்கள். அதே ஷாக்கை வைத்துக்கொண்டு ஆர்மின் சரிவைக் குறைத்தாலே வண்டி மெத்தென்று போகும். பின்பக்கம் கதை வேறு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் மேலேறிப் பின்னுக்கும், உள்பக்கச் சக்கரம் இறங்கி முன்னுக்கும் போவதால் ஆக்ஸில் லேசாகத் திரும்பி வண்டியின் பின்பக்கத்தை வெளியே தள்ளும். மலைப்பாதை வளைவுகளில் வேகமாக இறங்குபவர்கள் இதை உடனே உணர்வார்கள்.

காஸ்டரைப் பார்க்காமல் விடுவது

சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது கையை விட்டு ஓட்ட உதவுகிறது. வண்டியில் அந்தச் சாய்வுதான் காஸ்டர். ஜிம்னியின் முன் ஆர்ம் ஆக்ஸிலை இரண்டு புஷ்களால் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளைகள்) இறுகப் பிடித்திருக்கும். ஆர்ம் சரிந்தால் ஆக்ஸிலும் கூடவே முன்னோக்கிச் சுழன்று காஸ்டர் குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும், திரும்பிய பின் தானாக நேராகாது. ரேங்லரின் ஜேகே மாடலில் கம்பெனி அளவே ஏறத்தாழ 4.2 டிகிரிதான், அதில் 2 டிகிரி போனால் மிச்சம் என்ன இருக்கும்?

அலைன்மென்ட் கடைக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இந்த வகை ஆக்ஸிலில் கடைக்காரரால் திருத்த முடிவது டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். பிரிண்ட் அவுட் கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கக் காஸ்டர் எண்ணையும் நீங்களே படியுங்கள்.

ஜிம்னிக்கு மலிவான வழி, துளை நடுவில் இல்லாமல் தள்ளியிருக்கும் காஸ்டர் புஷ். இதைப் பிரஸ்ஸில் ஏற்றும்போது தலைகீழாக மாட்டினால் காஸ்டர் கூடாமல் இன்னும் குறையும். புஷ்ஷின் விளிம்பில் அம்புக்குறியோ கோடோ இருக்கும். ஆர்மில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேராக வைத்து, பிரஸ் பண்ணும் வரை பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ரேங்லரில் நீளம் மாற்றக்கூடிய கீழ் ஆர்ம் போட்டுக் காஸ்டரை ஏற்றலாம். ஆசைப்பட்டு 7, 8 டிகிரிக்குப் போய்விடாதீர்கள். காஸ்டர் ஏற ஏற டிஃபரன்ஷியலின் பினியன் மூக்கு (ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) கீழே இறங்கும், ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கோணம் கூடி அதிர்வு தொடங்கும். லிஃப்ட் கொஞ்சம் அதிகமென்றால் 5 டிகிரியை ஒட்டி நிற்பது நல்ல சமரசம். ஸ்டியரிங் வெறிபிடித்தாற்போல் ஆட ஆரம்பித்தால் காஸ்டரை மட்டும் குறை சொல்லவும் வேண்டாம். ட்ராக் பார் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போல்ட் தளர்வு, தேய்ந்த பால் ஜாயிண்ட், டயர் பேலன்ஸ் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் புது டாம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது.

மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் ஸ்பேசரை மட்டும் நம்புவது

2020இல் வந்த தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆர்ம் பிடிக்கும் அமைப்பு. இங்கே ஆக்ஸில் சுழலாது. மேல் ஆர்மும் பால் ஜாயிண்டும்தான் அடி வாங்கும். ஷாக், கீழ் ஆர்மின் நடுவாக்கில் பிடித்திருப்பதால் ஸ்பேசரின் தடிமனைவிட சக்கரத்தில் உயர்வு அதிகம்; இந்த அமைப்பில் 25 மி.மீ. ஸ்பேசர் 40 முதல் 50 மி.மீ. வரை ஆகிவிடும். ஷாக்கின் தலையில் வைக்கும் ஸ்பேசர், சக்கரம் தொங்கும் எல்லையையும் கீழே இறக்கிவிடுகிறது. முன்பு முழுதாக நீண்ட ஷாக்தான் சக்கரத்தைத் தடுத்து நிறுத்தியது. இப்போது அந்த வேலை மேல் பால் ஜாயிண்டின் தலையில் விழும், அல்லது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் போய் உரசும். வேகத்தடை தாண்டி இறங்கும்போது 'டங்' என்று கேட்டால் அதுதான். டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் கூடுவதால் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறிக்கும்.

சக்கரத்தின் தலை வெளியே சாய்வதால் டயரின் வெளி ஓரம் தேயும். இதற்காக விற்கும் மேல் ஆர்ம், பால் ஜாயிண்டைச் சற்றே உள்ளுக்கும் பின்னுக்கும் தள்ளி வைத்திருக்கும். கேம்பரும் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) காஸ்டரும் அதனால் திரும்பக் கிடைக்கும். அந்த ஆர்ம் வண்டியைக் கூடுதலாகத் தூக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஷாக்கின் தலையில் ஸ்பேசர் வைத்தவர்கள் பம்ப் ஸ்டாப்பையும் (சக்கரம் மேலேறும் எல்லையில் தடுக்கும் ரப்பர்) நீட்ட வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் முழுதாக அமுங்கி உள்ளே இரும்போடு இரும்பு இடிக்கும்.

சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்குவது

ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கிக்கொள்ளும். வண்டி பட்டறைத் தூக்கியில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில்தான் நிற்கும். அதன்மேல் ஒவ்வொரு பள்ளமும் சேர்ந்து, சில மாதத்தில் கிழியும். ஆர்மையே கழற்றாமல் ஸ்பிரிங் மட்டும் மாற்றினாலும் இதே நிலைதான், ஏனென்றால் போல்ட் பழைய உயரத்தில் இறுக்கியது. அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்று பல பட்டறைகளுக்குத் தோன்றுவதே இல்லை.

செய்ய வேண்டியது எளிது. எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் தளர்த்துங்கள், நட் கழலக் கூடாது. வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் நாலைந்து முறை அமுக்கி, சில அடி உருட்டி நிலைக்கு வரவிடுங்கள். பிறகு அடியில் படுத்து டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். ரேங்லர் ஜேகேயின் முன் கீழ் ஆர்முக்கு சுமார் 170 நியூட்டன் மீட்டர், மேல் ஆர்முக்கு சுமார் 100. மற்ற வண்டிகளுக்கு சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

புஷ் கிழிந்துவிட்டது என்று பாலியூரித்தேன் போடுபவர்கள் ஜிம்னி வகை ஆர்மில் யோசித்துச் செய்யுங்கள். ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது புஷ் வளைந்து கொடுத்தால்தான் ஆக்ஸில் திருகும். கடினமான புஷ் கொடுக்காது. அந்த விசை வெல்டிங்குக்கும் பிராக்கெட்டுக்கும் போகும். புஷ்ஷுக்குப் பதில் போடும் ரோட் எண்ட் என்ற இரும்பு உருண்டை ஜாயிண்ட் நன்றாகத் திரும்பும். ஆனால் சேற்றிலும் தூசியிலும் சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் வண்டிக்கு ரப்பர்தான் சரி.

அப்போ பழைய ஆர்மே போதும் என்பது எதுவரை?

40 மி.மீ. வரை பெரும்பாலும் போதும். ஜிம்னிக்குக் காஸ்டர் புஷ் சேர்த்தால் நிம்மதி. 50 மி.மீ. தாண்டினால் அலைன்மென்ட் எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். 75க்கு மேல் ஆர்மை மாற்றாமல் தூக்கவே வேண்டாம். சேஸிஸ் பக்க முனையைக் கீழே இறக்கும் டிராப் பிராக்கெட் சாலைக்கு அருமையான, மலிவான தீர்வு. பாறையில் ஏறுபவர்களுக்கு அதே பிராக்கெட் கல்லில் மாட்டும் கொக்கி. ட்ராக் பாரின் ஒரு முனையை மட்டும் உயர்த்தும் பிராக்கெட்டிலும் கவனம் தேவை: ட்ராக் பாரும், ஸ்டியரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கும் இணையாக இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாக வெட்டும்.

இந்தியாவில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: பதிவில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. செலவு செய்யும் முன் ஆர்டிஓவிடமும் இன்சூரன்ஸிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த அன்றே, ஸ்டாண்டில் வைத்து ஒவ்வொரு சக்கரமாக முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைக்கிறதா பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். நீளம் மாற்றும் ஆர்ம் என்றால் நீளம் மாறாமல் பூட்டும் ஜாம் நட்டில் ஒரு பெயின்ட் கோடு போட்டு, 100 கி.மீ. ஓடிய பின் அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று ஒரு டார்ச்சோடு குனிந்து பார்த்து, எல்லாப் போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள்.