இறங்கும் சரக்கும் ஏறும் சரக்கும்: நீலகிரியில் விநியோகச் சங்கிலியைத் திட்டமிடும் முறை

உதகை, கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களில் விளைச்சலை விற்பவரும் கடை நடத்துபவரும் விநியோகச் சங்கிலியை, அதாவது சரக்கு கைமாறிச் செல்லும் வழி முழுவதையும், திட்டமிடும்போது முதலில் சரக்கு செல்லும் திசையைப் பார்க்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் காய்கறி காத்திருக்காது. மலைக்கு ஏறும் உரமும் மைதாவும் காத்திருக்கும். எனவே முன்னதற்கு மணிக்கணக்கு, பின்னதற்கு நாள்கணக்கு.

கேரட்டுக்கு நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் தொடங்கும் நேரத்தை எழுதி, அதிலிருந்து இறக்குவதற்கும், உதகையிலிருந்து குன்னூர் வழியாக 50 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மலைப்பாதைக்கும், மூட்டை கட்டுவதற்கும், இயந்திரத்தில் கழுவுவதற்கும் ஆகும் நேரத்தை ஒவ்வொன்றாகக் கழித்தால், தோட்டத்தில் கேரட் பிடுங்கத் தொடங்க வேண்டிய நேரம் கிடைக்கும். பெரும்பாலும் வண்டி ஓடும் நேரத்தை எல்லாரும் சரியாகக் கணிக்கிறார்கள். கழுவும் இடத்தில் வரிசையில் நிற்கும் நேரத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு வாரம், வண்டி வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் குறித்துப் பாருங்கள்.

கேரட்டைப் பிடுங்கியவுடன் தழையை நீக்கிவிட வேண்டும், ஏனெனில் அது கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வளைத்தால் மளுக்கென்று ஒடிய வேண்டிய கேரட் ரப்பர் போல வளைந்தால் விலை அங்கேயே குறைந்துவிடும். பழுத்த பேரிக்காயுடன் ஒரே வண்டியில் நெடுநேரம் அடைத்து அனுப்பவும் கூடாது. பழம் வெளியிடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்கச் செய்யும்.

மேலே ஏறும் சரக்குக்கு மறுகொள்முதல் அளவை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேக்கரிக்கு நாளொன்றுக்கு 2 மூட்டை மைதா செலவாகிறது, சரக்கு வந்துசேர 3 நாள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளிக்கு 6 மூட்டை வேண்டும். அதற்கு மேல் 2 நாள் செலவுக்கான 4 மூட்டையைக் காப்பிருப்பாகச் சேர்த்தால், இருப்பு 10 மூட்டைக்கு இறங்கும்போதே அடுத்த கொள்முதலுக்குச் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபடலாம் என்பதால், அந்த மாதங்களில் காப்பிருப்பை உயர்த்துவது வீண்செலவாகாது. ஆண்டு முழுவதும் அதே அளவை வைத்திருப்பதுதான் வீண். இங்குள்ள ஈரக்காற்றில் மைதா எளிதில் கட்டி தட்டிவிடும்.

இரண்டு திசைகளையும் கெடுக்கக்கூடியது சாட்டை விளைவு. சாட்டையின் பிடியைச் சற்றே அசைத்தால் நுனி வெகுதூரம் வீசுவதுபோல, கடையில் விற்பனை சிறிது கூடினால் கடைக்காரர் கூடுதலாகக் கேட்பார். மொத்த வியாபாரி அதற்கும் மேல் கேட்பார். இந்த ஊசலாட்டத்தை அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-இல் விளக்கினார். விதைத்து மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்து அறுவடை செய்யும் கேரட்டில் இதன் அடி கடுமையானது: இன்றைய விலையைப் பார்த்து அனைவரும் விதைத்தால், அனைவரின் மூட்டையும் ஒரே வாரத்தில் மண்டியில் குவியும். ஆகவே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, இரண்டு மூன்று வார இடைவெளியில் விதையுங்கள். வாடிக்கைக் கடைக்காரரிடம், "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பதோடு, "நேற்று எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சியது?" என்றும் கேட்டு, அந்த எண்களை வைத்து அனுப்பும் அளவை முடிவு செய்யுங்கள்.

குன்னூர்ப் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்க ஆகும் கூடுதல் நேரத்தையும் வாடகையையும் மழை தொடங்கும் முன்பே வண்டிக்காரரிடம் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.